ஒழுங்கற்ற துடிப்பும் மருந்தும்: மேலறை நடுக்கத்தில் இதய வேகமும் அதன் மாறுபாடும்

இதயத்தின் மேலறைகள் ஒருங்கே சுருங்கும் திறனை இழந்து, நிமிடத்துக்கு 350 முதல் 600 வரையிலான சிதறிய மின்தூண்டல்களால் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலையை மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். தமிழில் அதை மேலறை நடுக்கம் எனலாம். இத்தனை தூண்டல்களும் கீழறைகளுக்கு அப்படியே இறங்கினால் இதயத்தால் இரத்தத்தை வெளித்தள்ளவே முடியாது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே வாயிற்காவலைப் போல அமைந்துள்ள ஏவி கணு என்னும் சிறிய திசுத்திரள் பெரும்பாலான தூண்டல்களை வடிகட்டிச் சிலவற்றை மட்டுமே கீழே விடுவதால், மருந்து எடுக்காத நோயாளியின் கீழறைகள் பொதுவாக நிமிடத்துக்கு 100 முதல் 160 முறை வரை, எந்தத் தாளத்துக்கும் கட்டுப்படாமல் துடிக்கின்றன. இரத்தம் உறைந்து பக்கவாதம் வராமல் காப்பது இந்நோயின் சிகிச்சையில் ஒரு பக்கம்; அது தனியே பேசப்பட வேண்டிய பொருள். மறுபக்கம் இத்துடிப்பின் வேகத்தை அடக்குவது. அந்த வேகத்தை அடக்கும் மருந்துகள் துடிப்புகளுக்கு இடையிலான ஒழுங்கின்மையை என்ன செய்கின்றன, அந்த ஒழுங்கின்மைக்குப் பொருள் ஏதும் உண்டா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

இயல்பான தாளத்தில் இருக்கும் இதயமும் கடிகாரம் போல ஒரே சீராகத் துடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது சற்றுத் தணிகிறது. துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பும் அதை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகளும், இயல்பான தாளத்தை எழுப்பும் சைனஸ் கணுவை மாறிமாறி இழுத்துப் பிடிப்பதால் நேரும் இந்த நுண்ணிய ஏற்றத்தாழ்வே இதயத் துடிப்பு மாறுபாடு எனப்படுகிறது. அதை அளக்கும் முறைகளுக்கான பொதுவரையறையை ஐரோப்பிய, வட அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று 1996இல் வெளியிட்டது. மாறுபாடு மிகுந்திருப்பது நரம்புக் கட்டுப்பாடு நலமாக இருப்பதற்கும், குறைந்திருப்பது, குறிப்பாக மாரடைப்புக்குப் பிறகு, ஆபத்துக்கும் அறிகுறியாகக் கொள்ளப்படுகின்றன. மேலறை நடுக்கத்தில் இந்தப் பாடத்தை அப்படியே பொருத்திப் பார்ப்பது பிழை. இங்கே சைனஸ் கணு ஆட்சியிலேயே இல்லை. இரு துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தைத் தீர்மானிப்பது, மேலறையிலிருந்து தூண்டல்கள் எவ்வளவு அடர்த்தியாக வந்து விழுகின்றன, ஒரு தூண்டலைக் கடத்திய பிறகு ஏவி கணு எவ்வளவு நேரம் ஓய்வெடுக்கிறது என்னும் இரண்டுமே. நரம்புகளின் கை இங்கும் உண்டு. ஆனால் அது ஏவி கணுவின் வழியாகவே பெரிதும் வெளிப்படுகிறது.

இங்கே புரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஏவி கணுவுக்குள் நுழைந்து பாதி வழியிலேயே மடிந்துபோகும் தூண்டல் கீழறையை எட்டுவதில்லை, இதய மின்பதிவான இசிஜியில் எந்தத் தடயமும் விடுவதில்லை. ஆயினும் அது கணுவைக் களைப்படையச் செய்துவிடுவதால் அடுத்து வரும் தூண்டலும் தடைபடுகிறது. மறைகடத்தல் என்று இதைக் கூறலாம். இந்நோயின் துடிப்பு இத்தனை குழம்பியிருப்பதற்கு இதுவே பெருங்காரணம். மேலறை நடுக்கத்தின் வேகத்தைக் குறைத்தால் கீழறையின் வேகம் கூடிவிடக்கூடும் என்ற வியப்பான உண்மைக்கும் இதுவே விளக்கம்: வந்து மோதும் தூண்டல்கள் குறையும்போது வழியில் மடிபவையும் குறைகின்றன, கணு இளைப்பாறுகிறது, எஞ்சியவை தடையின்றிக் கீழே இறங்குகின்றன. ஃப்ளெக்கைனைடு போன்ற மருந்துகள் நடுக்கத்தைச் சற்றே ஒழுங்குபட்ட ஏட்ரியல் ஃபிளட்டராக மாற்றி, ஒவ்வொரு தூண்டலும் கீழறையை எட்டும்படி செய்துவிடும் ஆபத்து இதனால்தான் நேர்கிறது. அவற்றோடு ஏவி கணுவை அடக்கும் மருந்தொன்றையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் அங்கிருந்தே வந்தது.

இத்துறையின் முதல் மருந்து ஒரு தோட்டச் செடியிலிருந்து கிடைத்தது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மருத்துவம் பார்த்த வில்லியம் விதரிங், உடல் வீக்கத்துக்கு நாட்டு வைத்தியமாகப் பயன்பட்ட ஃபாக்ஸ்குளோவ் செடியைப் பல ஆண்டுகள் சோதித்து, 1785இல் அதைப் பற்றிய நூலை வெளியிட்டார். இதயத்தின் அசைவின் மீது அந்தச் செடிக்கு ஆதிக்கம் உண்டு என்று அவர் கண்டிருந்தார். மேலறை நடுக்கம் என்றொரு நோய் இருப்பதை அவர் காலத்தில் எவரும் அறிந்திருக்கவில்லை. பின்னாளில் ஜேம்ஸ் மெக்கன்சி என்னும் மருத்துவர் கழுத்துச் சிரையின் அலைகளையும் மணிக்கட்டு நாடியையும் ஒருசேரப் பதிவு செய்து, சில நோயாளிகளிடம் மேலறையின் அலை மறைந்துபோவதைக் கண்டார். வில்லெம் ஐந்தோவனின் இசிஜிக் கருவி வந்த பிறகு, 1909இல் லண்டனில் தாமஸ் லூயிசும் வியன்னாவில் ரோத்பெர்கரும் வின்டர்பெர்கும், முற்றிலும் ஒழுங்கற்ற நாடிக்குக் காரணம் மேலறைகளின் நடுக்கமே என்று நிறுவினார்கள். ஃபாக்ஸ்குளோவின் சாறு எந்த நோயாளிகளிடம் மிக நன்றாக வேலை செய்கிறது என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று. இன்று பயன்படும் டிகாக்சின், அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு செடியிலிருந்து 1930இல் பிரித்தெடுக்கப்பட்டது.

டிகாக்சின் ஏவி கணுவின் மீது செலுத்தும் ஆதிக்கத்தின் பெரும்பகுதி வேகஸ் நரம்பின் வழியாகவே நடக்கிறது. ஆகவே நோயாளி படுத்திருக்கும்போதும் அமர்ந்திருக்கும்போதும் நன்றாக அடங்கியிருக்கும் துடிப்பு, அவர் மாடிப்படி ஏறத் தொடங்கி வேகஸின் பிடி தளர்ந்ததும் மருந்தையும் மீறி எகிறுகிறது. இம்மருந்தின் வரலாற்றில் நாடியின் ஒழுங்கைப் பற்றிய ஓர் அரிய பாடமும் அடங்கியிருக்கிறது. டிகாக்சின் எடுத்துக்கொண்டிருக்கும் மேலறை நடுக்க நோயாளியின் நாடி திடீரென்று மெதுவாகவும் சீராகவும் ஆகிவிட்டால், அனுபவமுள்ள மருத்துவர் மகிழ்வதில்லை; உடனே இசிஜி எடுக்கச் சொல்கிறார். இயல்பான தாளம் திரும்பியிருக்கலாம் என்பது உண்மையே. ஆனால் மருந்து நஞ்சாகி ஏவி கணுவை முழுதாக அடைத்துவிட, அதற்குக் கீழேயுள்ள திசு தானாகவே ஒரு சீரான தாளத்தை எழுப்பிக்கொண்டிருக்கவும் கூடும். ஒழுங்கற்றதையே இயல்பாகக் கொண்ட நோயில் ஒழுங்கு திரும்புவது ஆபத்தின் அடையாளம் ஆகலாம் என்னும் இந்தப் பழைய படுக்கையருகுப் பாடம், மாறுபாட்டை எண்களால் அளக்கப் புகுந்த இன்றைய ஆய்வுகளுக்கும் வழிகாட்டியாக நிற்கிறது. பொட்டாசியம் குறைந்திருப்பவர்களிடமும் சிறுநீரகம் தளர்ந்தவர்களிடமும் இந்த நஞ்சு எளிதில் தலைகாட்டுகிறது. வெராப்பமில், அமியோடரோன் என்னும் இதய மருந்துகளில் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் இரத்தத்தில் டிகாக்சினின் அளவு கூடுவதால் அதன் அளவைக் குறைத்தாக வேண்டும்.

பீட்டா தடுப்பான்கள் வேறு வழியில் வேலை செய்கின்றன. ஜேம்ஸ் பிளாக் 1960களில் உருவாக்கிய புரொப்ரனலாலும் அதன் பின் வந்த மெட்டோபுரொலால், பைசோபுரொலால், கார்வெடிலால் முதலியனவும் அட்ரினலின் இதயத்தைத் தூண்டும் வாயில்களை அடைப்பதால், உடல் உழைப்பின்போதும் மனக்கலக்கத்தின்போதும் துடிப்பு எகிறுவதை நேரடியாகத் தடுக்கின்றன. அதிலேயே அவற்றின் குறையும் அடங்கியிருக்கிறது: உழைப்புக்குத் தேவையான அளவு வேகம் கூடவும் அவை விடாததால் நோயாளி விரைவில் களைத்துப்போகிறார். மூன்றாவது வகை வெராப்பமில், டில்டியாசெம் என்னும் கால்சியம் தடுப்பான்கள். ஏவி கணுவின் உயிரணுக்கள் மின்தூண்டலைக் கடத்துவதற்குக் கால்சியம் அயனிகளின் ஓட்டத்தையே சார்ந்திருப்பதால், அந்த ஓட்டத்தைக் குறைக்கும் இம்மருந்துகள் கணுவின் ஓய்வு நேரத்தை நீட்டுகின்றன. இதயத்தசை மிகவும் வலுவிழந்திருப்பவர்களுக்கு இவை கூடா. பீட்டா தடுப்பானோடு சேர்த்துக் கொடுக்கும்போதும் துடிப்பு அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். ஏவி கணுவைத் தவிர்த்து மேலறையையும் கீழறையையும் இணைக்கும் கூடுதல் வழியொன்று பிறவியிலேயே உள்ளவர்களுக்கு மேலறை நடுக்கம் வந்துவிட்டால், கணுவை அடக்கும் இம்மருந்துகள் தூண்டல்களை அந்தக் கூடுதல் வழியே திருப்பிவிட்டு உயிருக்கே உலை வைக்கலாம் என்பதால் அங்கே இவை விலக்கப்பட்டவை. ஆஸ்துமாவுக்குத் தரும் சால்புட்டமால், தியோஃபிலின் போன்றவை எதிர்த்திசையில் துடிப்பை விரைவுபடுத்துகின்றன என்பதையும், தைராய்டு மிகைப்பு இருக்கும்போது துடிப்பை அடக்குவது கடினம் என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிட்டால் போதும்.

இம்மருந்துகளை நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்ட ஆய்வுகள் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. அவற்றுள் தெளிவான வடிவமைப்பு கொண்டது நார்வேயில் நடந்து 2013இல் வெளியான ராட்டாஃப் ஆய்வு. நிலைத்த மேலறை நடுக்கம் உடைய, இதயச் செயலிழப்பு இல்லாத, சராசரியாக 71 வயதுள்ள 60 பேருக்கு டில்டியாசெம் 360 மில்லிகிராம், வெராப்பமில் 240, மெட்டோபுரொலால் 100, கார்வெடிலால் 25 என நான்கு மருந்துகளும் ஒவ்வொன்றும் மூன்று வாரம் வீதம் மாறிமாறிக் கொடுக்கப்பட்டன. ஒரே ஆள் நான்கு மருந்துகளையும் எடுத்துக்கொள்வதால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு ஒப்பீட்டைக் குலைப்பதில்லை. 24 மணி நேரச் சராசரித் துடிப்பு மருந்தில்லாதபோது நிமிடத்துக்கு 96. டில்டியாசெமில் அது 75 ஆகவும், வெராப்பமிலில் 81, மெட்டோபுரொலாலில் 82, கார்வெடிலாலில் 84 ஆகவும் இறங்கியது. டில்டியாசெமைத் தவிர்த்த மூன்றையும் வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவற்றிடையே பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கால்சியம் தடுப்பான்களை எடுத்தபோது நோயாளிகளின் உபாதைகள் குறைந்தன, உழைக்கும் திறன் காக்கப்பட்டது, இதயச்சுவர் இழுபடும்போது இரத்தத்தில் கூடும் என்டி-புரோபிஎன்பி என்னும் பொருளின் அளவு தாழ்ந்தது. பீட்டா தடுப்பான்களில் அந்தப் பொருள் கூடியது. வேகம் ஏறத்தாழ ஒன்றாயிருந்தும் உடல் கண்ட விளைவு எதிரெதிராக இருந்தது என்பதில்தான் இந்த ஆய்வின் உண்மையான மதிப்பு இருக்கிறது.

அதே நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு துடிப்பு இடைவெளிகளின் மாறுபாடும் ஒழுங்கின்மையும் பின்னர் தனித்தனியே கணக்கிடப்பட்டன. இவ்விரு சொற்களையும் பிரித்தறிவது அவசியம். இடைவெளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பது மாறுபாடு. அதைத் திட்டவிலக்கம் போன்ற அளவைகள் காட்டும். அடுத்த இடைவெளியை முந்தியவற்றைக் கொண்டு எந்த அளவுக்கு ஊகிக்க முடியாது என்பது ஒழுங்கின்மை. அதைக் காட்ட என்ட்ரோபி என்னும் அளவை உதவுகிறது. குறுகியது, நீண்டது, குறுகியது, நீண்டது என்று மாறிமாறி வரும் இடைவெளிகளில் மாறுபாடு மிகுதி, ஒழுங்கின்மையோ மிகச் சொற்பம். அந்த ஆய்வில் நான்கு மருந்துகளுமே மாறுபாட்டைக் கூட்டின. ஒழுங்கின்மையைக் கூட்டியவை பீட்டா தடுப்பான்கள் மட்டுமே.

முதல் முடிவைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த பூட்ஸ்மா, மைலர் ஆகியோரும் உடன் ஆய்ந்தவர்களும் 1970இலேயே மேலறை நடுக்கத்தில் இடைவெளிகளின் வரிசை ஏறத்தாழ முழுமையான தற்செயலாக அமைந்திருப்பதைக் காட்டியிருந்தார்கள். அத்தகைய வரிசையில் சராசரி இடைவெளி நீளும்போது அதன் சிதறலும் கூடவே நீள்கிறது. எடுத்துக்காட்டாக, சராசரி 600 மில்லிவிநாடியாக இருக்கையில் திட்டவிலக்கம் 120 ஆக உள்ள ஒருவருக்கு, மருந்து சராசரியை 800 ஆக்கினால் விலக்கம் 160 ஆவது வெறும் விகிதக் கணக்கு. மருந்து அவருடைய நரம்புக் கட்டுப்பாட்டைச் சீராக்கியது என்பதற்கு அது சான்றாகாது. எந்த மருந்து கொடுத்தாலும் மாறுபாடு கூடியதாக அறிவிக்கும் ஆய்வுகள் பல இந்தக் கணக்கைச் செய்யாமலே நின்றுவிடுகின்றன. விலக்கத்தைச் சராசரியால் வகுத்துப் பார்த்த பிறகு எஞ்சும் வேறுபாடே பேசத் தக்கது.

இரண்டாவது முடிவு அப்படி எளிதில் கரைந்துவிடுவதில்லை. நான்கு மருந்துகளும் துடிப்பைத் தணித்திருக்க, இரண்டு மட்டும் ஒழுங்கின்மையைக் கூட்டின என்றால் அது வேகத்தின் நிழலாக மட்டும் இருக்க முடியாது. பரிவு நரம்புத் தூண்டல் தணியும்போது ஏவி கணுவின் மீது வேகஸின் நொடிக்கு நொடி மாறும் பிடி ஓங்குவது ஒரு காரணமாகலாம். வெராப்பமில் மேலறைத் திசுவின் ஓய்வு நேரத்தைச் சுருக்கி நடுக்கத்தை விரைவுபடுத்தக்கூடியது என்பதும், அதனால் மறைகடத்தலின் தன்மையே மாறக்கூடும் என்பதும் மற்றொரு காரணமாகலாம். எது சரியென்று இன்னும் அறுதியிடப்படவில்லை. இரண்டும் சேர்ந்தே வேலை செய்வது மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஒழுங்கின்மை கூடுவது நல்லதா தீயதா என்ற கேள்விக்குச் சான்றுகள் இரு திசைகளில் இழுக்கின்றன. இதயத்தின் இயக்கவியலைப் பார்த்தால் அது தீயது. குறுகிய இடைவெளிக்குப் பின் வரும் துடிப்பில் கீழறை போதிய அளவு நிறைவதில்லை. நீண்ட இடைவெளியில் கிடைக்கும் கூடுதல் நிறைவு அந்த இழப்பை முழுதாக ஈடுசெய்வதும் இல்லை. சராசரி வேகம் ஒன்றாகவே இருக்கும்படி அமைத்து, கீழறையை ஒருமுறை சீராகவும் ஒருமுறை ஒழுங்கற்றும் தூண்டிப் பார்த்த 1997ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வொன்று, ஒழுங்கற்ற துடிப்பில் இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவு குறைவதைக் காட்டியது. மணிக்கட்டில் எண்ணிய நாடி, ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் துடிப்பைவிடக் குறைவாக இருக்கும் நாடிக்குறை இதன் வெளிப்படையான அடையாளம். சில துடிப்புகள் மணிக்கட்டை எட்டும் வலுவே இல்லாமல் போகின்றன. இந்தியாவில் இன்னும் அற்றுப்போகாத ருமாட்டிக் காய்ச்சலின் விளைவாக மைட்ரல் வால்வு குறுகியவர்களை இது கடுமையாகத் தாக்குகிறது: குறுகிய வால்வின் வழியே இரத்தம் இறங்க நேரம் வேண்டும், விரைந்த ஒழுங்கற்ற துடிப்போ அந்த நேரத்தைத்தான் பறிக்கிறது. அவர்களிடம் வேகத்தை அடக்கும் மருந்து நுரையீரலில் நீர் கோப்பதையே தடுத்துவிடக்கூடும்.

முன்கணிப்பு ஆய்வுகளோ நேர்மாறாகப் பேசுகின்றன. ஜப்பானில் யமடா, ஹயானோ ஆகியோரும் உடன் ஆய்ந்தவர்களும் நாள்பட்ட மேலறை நடுக்கம் உள்ள 107 பேரின் 24 மணி நேரப் பதிவுகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட கட்டுரையில், ஒழுங்கின்மை குறைந்திருந்தவர்களிடையே இதய நோயால் நேர்ந்த இறப்பு மிகுந்திருந்தது தெரியவந்தது. மைட்ரல் வால்வு ஒழுகும் நோயாளிகளைப் பற்றி 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வும் குறைந்த மாறுபாட்டையே கெட்ட அறிகுறியாகக் கண்டது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் ஏவி கணுவின் பகல்–இரவு ஏற்றத்தாழ்வு மங்கிப்போவதை ஹயானோவின் குழு அதற்கு முன்பே காட்டியிருந்தது. பரிவு நரம்புகள் இரவும் பகலும் இதயத்தை விரட்டிக்கொண்டிருக்கும்போது ஏவி கணுவுக்கு வளைந்துகொடுக்க இடமில்லை, துடிப்பு விரைந்தும் ஒருவாறு இறுகியும் போகிறது என்று இதை விளங்கிக்கொள்ளலாம். அப்படிக் கொண்டால் இரு சான்றுகளும் மோதவில்லை: ஒழுங்கின்மை இரத்த ஓட்டத்துக்குச் சுமை, அதே சமயம் அது இருப்பது நரம்புக் கட்டுப்பாடு இன்னும் உயிரோடிருப்பதற்குச் சாட்சி. பீட்டா தடுப்பான் ஒழுங்கின்மையைக் கூட்டுவதை ஒரு கண்ணோட்டத்தில் பரிவு நரம்பின் பிடி தளர்ந்ததற்கான நற்குறியாகவும், மறு கண்ணோட்டத்தில் அம்மருந்தை எடுப்பவர்களுடைய உபாதை தீராததற்கான காரணங்களில் ஒன்றாகவும் படிக்க முடியும். இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்வதற்கு இன்று எந்த நியாயமும் இல்லை.

வேகத்தை எந்த அளவுக்கு அடக்க வேண்டும் என்பதிலும் முன்பிருந்த உறுதி தளர்ந்துவிட்டது. நெதர்லாந்தில் 614 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ரேஸ் 2 ஆய்வில், ஓய்வில் 80க்குக் கீழே கொண்டுவரப் பாடுபட்ட குழுவுக்கும் 110க்குக் கீழே இருந்தால் போதும் என்று விட்ட குழுவுக்கும் மூன்றாண்டு முடிவில் நேர்ந்த தீங்குகள் முறையே 14.9, 12.9 விழுக்காடு, கடுமையான கட்டுப்பாட்டால் எந்த ஆதாயமும் தெரியவில்லை. அதன் பிறகு ஐரோப்பிய வழிகாட்டல் 110 என்பதையே தொடக்க இலக்காக ஏற்றது. இதற்கு எதிர்முனையில் நிற்பது 2011இல் இடையிலேயே நிறுத்தப்பட்ட பாலஸ் ஆய்வு. அதில் சோதிக்கப்பட்ட, அமியோடரோனிலிருந்து அயோடினை நீக்கி உருவாக்கிய டிரோனெடரோன் துடிப்பைத் தணிக்கும் மருந்துதான். ஆயினும் நிலைத்த மேலறை நடுக்கம் உடையவர்களிடம் அது இறப்பையும் பக்கவாதத்தையும் இதயச் செயலிழப்பையும் கூட்டியது. துடிப்பு தணிந்ததை வைத்து நோயாளி நலமடைந்தார் என்று முடிவு செய்வது எத்தனை ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இதயச் செயலிழப்போடு மேலறை நடுக்கமும் உள்ளவர்களுக்குப் பீட்டா தடுப்பான்கள் ஆயுளை நீட்டுவதில்லை என்று 2014இல் வெளியான தொகுப்பாய்வும் இதே திசையில் சிந்திக்க வைத்தது. இயல்பான தாளம் உடையவர்களுக்கு அதே மருந்துகள் அளிக்கும் ஆயுள் ஆதாயம் இவர்களிடம் காணப்படவில்லை.

விதரிங் வாழ்ந்த அதே பர்மிங்காமில், அவருடைய செடியின் இனத்திலிருந்து வந்த மருந்து மறுபடி சோதனைக்கு வந்தது; முடிவுகள் 2020இல் வெளியாயின. 60 வயதுக்கு மேற்பட்ட, மூச்சிரைப்பு உள்ள 160 பேரிடம் குறைந்த அளவு டிகாக்சினையும் பைசோபுரொலாலையும் ஒப்பிட்ட ரேட்-ஏஎஃப் ஆய்வில், ஆறு மாத முடிவில் இரு குழுக்களின் துடிப்பு வேகமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. முதன்மை அளவையான வாழ்க்கைத் தரத்திலும் வேறுபாடு இல்லை. ஓராண்டு முடிவில் என்டி-புரோபிஎன்பி டிகாக்சின் குழுவில் தாழ்ந்திருந்தது. பக்கவிளைவு ஒன்றாவது கண்டவர்கள் அங்கே 25 விழுக்காடு, பைசோபுரொலால் குழுவில் 64 விழுக்காடு. சிறிய ஆய்வு என்பதால் இதன்மேல் பெரிய முடிவுகளைக் கட்ட முடியாது. ஆனால் முதியவர்களிடம் டிகாக்சினைக் கைவிடப்பட்ட பழைய மருந்தாகக் கருதும் வழக்கம் மறுபரிசீலனைக்கு உரியது என்பதற்கு இது போதும்.

மருந்துகள் எல்லாம் தோற்ற நிலையில் ஏவி கணுவையே சூட்டால் அழித்துப் பேஸ்மேக்கர் பொருத்துவது உண்டு. மேலறைகள் நடுங்கிக்கொண்டே இருக்க, கீழறைகள் கருவியின் தாளத்தில் முற்றிலும் சீராகத் துடிக்கின்றன. உபாதைகள் பெரும்பாலும் தணிகின்றன. ஆனால் நோயாளி அதன் பின் வாழ்நாள் முழுதும் அந்தக் கருவியைச் சார்ந்திருக்க வேண்டும் என்பதால் மருத்துவர்கள் அதை இறுதி வழியாகவே வைத்திருக்கிறார்கள்.

நடைமுறையில் இத்தனை நுட்பங்களும் ஒரு சில நொடி இசிஜித் துண்டில் சிக்குவதில்லை. ஒழுங்கற்ற துடிப்பைப் பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்கினால் கிடைக்கும் விடை, அடுத்த பத்து நொடியில் கிடைப்பதிலிருந்து வெகுவாக விலகி நிற்கும். முழு நிமிடம் எண்ணுவதே குறைந்தபட்சத் தேவை. நடக்கும்போதும் படியேறும்போதும் துடிப்பு எங்கே போகிறது, உறங்கும்போது எங்கே தங்குகிறது என்பதை 24 மணி நேர ஹோல்டர் பதிவே காட்டும். அந்தப் பதிவில் நள்ளிரவில் இரண்டு விநாடிக்கு மேற்பட்ட இடைநிற்பு ஒன்றிரண்டு தெரிந்தால், மயக்கமோ தலைச்சுற்றலோ இல்லாதவரிடம் அதற்காக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. உறக்கத்தில் வேகஸ் ஓங்குவதன் விளைவு அது. அதே நீளமுள்ள நிற்பு பகலில், நோயாளி நடந்துகொண்டிருக்கும் வேளையில் தலைச்சுற்றலோடு வந்தால், எந்த மருந்து எவ்வளவு கொடுக்கப்படுகிறது என்ற சீட்டை அன்றே மீண்டும் எடுத்துப் பார்த்தாக வேண்டும்.